எல்லாரும் சரியாகப் போட்ட கேள்வி

காலையில் கல்லூரி கேன்டீனில் கொதிக்கக் கொதிக்க இருந்த டீயைக் கையில் கொட்டிக்கொண்டேன். கேன்டீன்காரர் பதறிப்போய் ஐஸ் கட்டியோடு ஓடிவந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், "சார், டேங்க்ல தண்ணி கம்மியாக் கெடக்கு. இன்னும் எம்புட்டு நேரம் நிப்பீக?" என்று கேட்டார். இருபது நிமிடம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நாம் இருவரும் ஒன்றாகப் படித்து, ஒரே மருத்துவக் கல்லூரியில் வாத்தியார்களானோம். நீ அறுவை சிகிச்சை, நான் மருந்தியல். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை உள்தேர்வுக்கு எழுதும் வேலையை நம் தலையில் கட்டினார்கள். எனக்கு அது தண்டனை, உனக்குத் திருவிழா. சரியான விடையை எவனும் எழுதிவிடுவான், தப்பான மூன்றை எழுதுவதில்தான் வித்தை இருக்கிறது என்பாய். வகுப்பில் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, பிள்ளைகள் உளறியதையெல்லாம் பொறுக்கிவந்து அந்த மூன்றாக வைப்பாய். என் கேள்விகளில் சரியான விடை மட்டும் எப்போதும் நீளமாக இருப்பதைக் கண்டுபிடித்து, "படிக்காம ஸ்கேல் வச்சு அளந்தே பாஸாயிருவான்லே" என்று என் மானத்தை வாங்கினாய். எல்லாரும் சரியாகப் போட்டால் அது கேள்வியே இல்லை, தூக்கிவிட வேண்டும் என்பது உன் சட்டம். படித்தவனையும் படிக்காதவனையும் பிரித்துக் காட்டாத கேள்வி எதற்கு என்பாய்.

பிறகு ஒரு தீபாவளி சீசனில் விஸ்வநத்தத்திலிருந்து, பட்டாசு வேலையில் கை வெந்த ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். பயிற்சி மருத்துவர் நம்மிடம் படித்த பெண். வலி தாங்காமல் துடித்தவரின் கையை ஐஸுக்குள் வைத்துவிட்டாள். நீ போய்ப் பார்த்தபோது தோல் வெளுத்து, காயம் ஆழமாகியிருந்தது. "தீ சுட்டது பாதி, நாம சுட்டது பாதி" என்று என்னிடம் வந்து சொன்னாய். அவளை நீ திட்டவில்லை. குடத்துத் தண்ணீரை அளந்து புழங்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்குக் குழாயைத் திறந்துவிட எப்படித் தோன்றும், ஐஸ் என்றால் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் என்றாய்.

அடுத்த கேள்வித்தாள் கூட்டத்துக்கு ஒரே ஒரு கேள்வியோடு வந்தாய். கை வெந்து வருபவருக்கு முதலில் என்ன செய்வாய்? ஐஸ், களிம்பு, இறுக்கமான கட்டு, ஓடும் தண்ணீர். இறுதியாண்டுக்கு இதெல்லாம் ரொம்ப எளிது, எல்லாரும் போட்டுவிடுவார்கள் என்றார்கள் மற்றவர்கள். நான் உனக்காகப் பேசுவேன் என்று நம்பி நீ என்னைப் பார்த்தாய். நான், "எல்லாரும் சரியாப் போட்டா கேள்வியே இல்லன்னு சொன்ன ஆளு யாருலே?" என்று கிண்டலடித்தேன். கூட்டமே சிரித்தது. நீயும் சிரித்தாய். கேள்வி அத்தோடு போயிற்று.

கூட்டம் முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "எல்லாரும் சரியாப் போடணும்னுதாம்லே கேக்கேன்" என்றாய். அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நான் வண்டியைக் கிளப்பினேன். அடுத்த வருடக் கூட்டத்துக்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. நாற்பது வயதுக்குப் பிறகும் நாம் பேசிய பேச்சுக்கும் கேலிக்கும் கணக்கே இல்லை. அந்த ஒரு கிண்டலை மட்டும் வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனது அடித்துக்கொள்கிறது.

இப்போது கேள்வித்தாள் என் பொறுப்பு. சண்டை போட்டு உன் கேள்வியை உள்ளே கொண்டுவந்தேன், வருடம் தவறாமல் வைக்கிறேன். முதல் தடவை ஐஸைத் தேர்ந்தெடுத்தவர்களை உட்காரவைக்க ஒரு பெஞ்சு போதவில்லை. அவர்களிடம் அந்த அம்மாவின் கையைப் பற்றிச் சொன்னேன், நீ சொன்ன பாதிக் கணக்கையும் சொன்னேன்.

இந்த வருடத் தேர்வு முடிவைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் காலையில் டீயைத் தட்டிவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் கணினி ஒரு குறிப்பு தருகிறது. உன் கேள்விக்கு நேரே, மாணவர்களைப் பிரித்துக் காட்டவில்லை, நீக்கலாம் என்று போட்டிருந்தது. அப்படியே உன் சட்டம்.

நான் நீக்கவில்லை. ஏலே, எல்லாரும் சரியாப் போட்டுட்டாக.