மாமியின் நாற்பது

பெப். 3, செவ்வாய்

காலை மைனஸ் பதினெட்டு. யன்னலின் உள்பக்கமும் பனி. மகள் பிறந்து இன்று முப்பத்தைந்தாவது நாள்.

வாங்க வேண்டியது: பெம்பர்ஸ், விற்றமின் டி, மாமிக்குக் கம்பளிச் சொக்ஸ்.

மாமி, என் புருஷனுடைய உம்மா, எனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க அக்கரைப்பற்றிலிருந்து வந்து இரண்டு மாதம். நல்லவ. பத்தியக் கறி அவ கையால் சாப்பிட்டுத்தான் நான் எழும்பினேன். அதனால்தான் பயம் கூட. கெட்டவ என்றால் சண்டை பிடித்துவிட்டுப் போகலாம்.

இன்று வெங்காயம் உரித்தபடி: "நாப்பதோட சுன்னத்தையும் முடிச்சிருவம் மகள். மார்க்கம் டவுன் பக்கம் ஒரு ஒஸ்தா மாமி இரிக்காவாம். வீட்டுக்கே வருவாவாம். ஆம்புளையளுக்கு இது தெரியத் தேவல்ல."

பெண் குழந்தையின் உறுப்பில் பிளேடு வைப்பார்களே, அதே சுன்னத்து. எனக்கும் நாற்பதாம் நாளில் ஒரு ஒஸ்தா மாமிதான் செய்தா.

நான் "ம்" என்றேன். ஏன் "ம்" என்றேன்? வாய்க்குள் கொழுக்கட்டையா?

பெப். 5, வியாழன்

பனி கொட்டுகிறது. பஸ் அரைமணி தாமதம். கிளினிக். மகள் 4.1 கிலோ.

நேர்ஸ் யாழ்ப்பாணத்து அக்கா. "எல்லாம் ஓகேதானே தங்கச்சி? வீட்டில ஏதும் பிரச்சினை இருக்கே?" பக்கத்துக் கதிரையில் மாமி, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு.

"ஓம் அக்கா, ஓகே."

பொய். ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? இந்த நாட்டில் இது குற்றம். பொலிஸ் வரும். மாமியைக் கொண்டுபோவார்களா? பிள்ளையையே தூக்கிக்கொண்டு போவார்களா? இரண்டும் கண்ணுக்குள் நிற்கிறது. பஸ்ஸில் பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அவள் அழுதாள்.

பெப். 6, வெள்ளி

கோழியை ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்து வைக்க மறந்துவிட்டேன். முட்டைக் கறி.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஏழு வருடம். முதல் நாளிலிருந்து நோவு. அவர் கிட்ட வந்தாலே உடம்பு மரக்கட்டை. எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது லேடி டொக்டர் பார்த்துவிட்டு, "இது பழைய தழும்பு, யார் வெட்டினது?" என்று கேட்டா. பதில் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

ஒருமுறை அவர் கேட்டார்: "என்னைப் புடிக்காமலா கட்டின?" தலையிடி என்றேன். ஏழு வருடமாய்த் தலையிடி. இப்போது அவர் கேட்பதில்லை. சோபாவில், கையில் போன்.

மாமி சொல்கிறா: "செய்யாட்டி நாளைக்கு ஆரு கட்டுவான்?" வெட்டுப்பட்டவளைக் கட்டினவரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

ஒரு ஆறுதல். ஞாயிறுதான் நாற்பது. அவருக்கு லீவு. ஆண்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒஸ்தா மாமி வரமாட்டா. ஞாயிறு கடந்தால் போதும்.

பெப். 8, ஞாயிறு

மகளுக்கு முடி இறக்கியாயிற்று. மொட்டைத் தலையில் அவரைப் போலவே இருக்கிறாள். சாம்பிராணிப் புகைக்கு ஃபயர் அலாரம் கத்தியது. பாற்சோறு. ஒருவரும் வரவில்லை. பல நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

பிறகு, கோப்பை கழுவும்போது மாமி: "ஒஸ்தா மாமி நாளைக்குப் பத்து மணிக்கு வருவா."

"நாப்பது இண்டைக்குத்தானே மாமி?"

"புதன் மஹ்ரிபுக்குப் புறகு புறந்தவள் வியாழன் புள்ளையெல்லுவா மகள். நாளைக்குத்தான் நாப்பது. அவனுக்கு லீவெண்டுதான் முடியை இண்டைக்கி இறக்கின."

கோப்பை கைநழுவியது. உடையவில்லை. பொழுது பட்டால் அடுத்த நாள் என்று, வியாழன் இரவை வெள்ளி இரவு என்று சொல்லி வளர்ந்தவள் நான். ஆஸ்பத்திரிக் கடதாசியில் இருந்த தேதியைப் பார்த்து எண்ணியிருக்கிறேன். மடைச்சி.

நாளை விடிய ஐந்துக்கு அவர் மிசிசாகாவுக்கு, எயார்போர்ட் வேலைக்கு. வீட்டில் நானும் மாமியும் பிள்ளையும்.

பின்னேரம் உடுப்பு மூட்டையைத் தூக்கச் சொல்லி, கீழே லோண்ட்ரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷின் சத்தத்துக்குள் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுற்றும் துவாயைப் பார்த்துச் சொன்னேன்.

"பொம்புளப் புள்ளைக்குமா?" அவருக்குத் தெரியவே தெரியாது. முப்பத்தாறு வயது, மூன்று தங்கச்சிமார்.

என் பக்கம் திரும்பி, "அப்ப உனக்கும்?"

தலையாட்டினேன்.

"ஏழு வருசமா உனக்கு என்னிலதான் வெறுப்பெண்டு நினைச்சன்."

துவாய்களை மடித்தார், நாலாக, ஒழுங்காக. நாளை என்ன செய்வார் என்று சொல்லவில்லை. கேட்கவும் பயம். உம்மா சொன்னால் மறுத்துப் பேசாத மனிதர்.

பெப். 9, திங்கள்

ஐந்து மணிக்கு வாசல் கதவு சாத்தும் சத்தம். போய்விட்டார். பிள்ளையோடு பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். நேர்ஸ் அக்காவின் நம்பர் போனில். அழுத்தவா?

ஆறுக்குத் திரும்பி வந்தார். கையில் பாண், பால். வேலைக்குச் சுகமில்லை என்று சிக் கோல் அடித்தாராம். பாத்ரூம் நிலத்திலேயே இருந்து அழுதேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "உம்மா, புள்ளைக்கு அது வேணாம்."

மாமி மகனைப் பார்க்கவேயில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு என்னைத்தான் பார்த்தா. "அவனுக்கிட்டச் சொல்லிட்டியா மகள்?"

"ஓம் மாமி."

தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தா. பிறகு மெல்ல: "அவன்ட வாப்பா மௌத்தாகுமட்டும் எனக்குச் செஞ்சத அவருக்கிட்ட நான் சொல்லல்ல."

பத்து மணி. பெல். மாமி எழும்பவில்லை. நான் போனேன். கறுப்பு அபாயா, கையில் சிறிய பை, பூட்ஸ் நிறையப் பனி.

"புள்ள நித்திரையா?"

"ஓம். அவட வாப்பாட மடியில."

அவ பூட்ஸைக் கழற்றவில்லை, வந்த வழியே திரும்பினா.