போன் அடித்தால் கலையும் மூலக்கூறு

என் அன்புத் தம்பி மூர்த்திக்கு,

மிளகு பறித்தாகிவிட்டது. நீ இல்லாத முதல் பறிப்பு. மாரமங்கலத்துக்கு வந்து உன் ராணியோடு சில நாள் தங்கினேன். நீ இருந்தபோது கூப்பிட்டால் மட்டும் எனக்கு ஆய்வகத்தில் தலைபோகிற வேலை இருக்கும். பெங்களூர் என்ன கண்காணாத தேசமா?

மிளகைக் காயப்போடும்போது ராணி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"நெஞ்சு வலின்னு சேலத்துல சேர்த்தப்பவே உங்களுக்குப் போன் போடறேன்னேனுங்க. அவருதான் வேண்டாம்னுட்டாரு. 'போன் அடிச்சா அக்காவோட மாலிக்யூல் கலைஞ்சு போயிரும், நொம்பக் கஷ்டப்பட்டுச் செஞ்சது'ன்னாருங்க."



நினைவிருக்கிறதா? ஒருமுறை போனில் கேட்டாய், "ஏனுங்க்கா, அங்க அப்பிடி என்னதான் பண்றீங்க?" வாயுவை அண்டவெளியைவிடக் குளிர வைக்கிறோம் என்றேன். அந்தக் குளிரில் இரண்டு அணுக்கள் எட்ட நின்றபடியே சேர்ந்துகொள்ளும். ஒரு கிருமி அளவுக்குப் பெரிய மூலக்கூறு, ஆனால் பிடிமானம் சொற்பம். துளி சூடு பட்டாலும் பிரிந்துவிடும். அதுவரை உண்மை. நீ அடுத்த கேள்விக்குப் போனாய், எனக்குப் பொறுமை இல்லை. "போன் அடிச்சாலே கலைஞ்சு போயிரும் கண்ணு, வெச்சுரட்டுமா?" என்றேன். அது பொய்.

அதன்பிறகு நீ பகலில் கூப்பிடவே இல்லை. தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மெச்சிக்கொண்டேன். என்ன அக்கா நான்!

அந்த மூலக்கூறுகள் கண் இமைப்பதற்குள் தாமாகவே பிரிந்துவிடும், மூர்த்தி. மறுபடி உருவாக்குவோம். நாள் முழுக்க அதுதான் வேலை. எதைக் காப்பாற்ற நீ வாயை மூடிக்கொண்டு கிடந்தாய்? என் குரலைக் கேட்க ஆசைப்பட்டாயா? ராணியிடம் அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

கிளம்பும்போது உன் மகள் பஸ் நிறுத்தம் வரை வந்தாள். "அத்தை, அப்பா போன் பண்ணாததுனால அது கலையாம இருந்துச்சுங்களா?"

"ஆமா சாமி" என்றேன். இன்னொரு பொய். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

முழுப்பரீட்சை லீவுக்கு அவளை ஆய்வகத்துக்கு அழைத்து வருவேன். வேலை நடக்கும்போதே அவள் கையால் என் போனுக்கு அடிக்கச் சொல்வேன். மூலக்கூறுகளைக் காட்டும் கணினித் திரையில் ஒன்றும் ஆகாது. அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அப்போது உள்ளதைச் சொல்லிவிடுவேன். அவள் என்னை வெறுத்தாலும் சொல்வேன், சத்தியம்.

உன் போனை எடுத்திருக்க வேண்டிய,
அக்கா