கூட வந்த ஒரு கார்டு

இன்று காலை பெங்களூரிலிருந்து பார்சல் வந்தது. புது கார்டு செட். உள்ளே இருந்த பாக்கெட்டுகளில் ஒன்று சரியாக ஒட்டாமல் வாய் பிளந்திருந்தது. கையில் எடுத்ததும் மையும் பசையும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. கல்லாவில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டேன். புதுப் பாக்கெட்டைப் பிரித்தால் என்ன கார்டு வந்திருக்கிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள். நீ முதலில் மூக்கருகே கொண்டுபோவாய். "பொறந்த கொழந்த வாசனடி கலா," என்பாய். பெற்றவள் நான், குழந்தைக்கு இந்த வாசனை கிடையாது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாய்.

எதிரே ஓர் அம்மா ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போனதும் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். எங்கே அனுப்புவது என்று தெரியாது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். படிப்பு முடிந்ததும் எனக்குக் கல்யாணம் ஆனது, ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மாமனாரின் கடைக்கு வந்து சேர்ந்தேன். நோட்டு, பேனா, பொம்மை, கேரம் போர்டு, கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற சுவர்க் கடிகாரம். உனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. உங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய், இருட்டிய பிறகு அதே ரயிலில் திரும்பி வருவாய். வருஷக்கணக்காக நமக்குள் இருந்தது பண்டிகை வாழ்த்து மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை நீ திடீரென்று கடைக்குள் நுழைந்தாய். கைப்பையிலிருந்து ஒரு கட்டு கார்டை எடுத்துக் கல்லாவின் மேல் பரப்பினாய். டிராகன், கவசம் போட்ட வீரன், தீப்பிடித்த காடு என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே பொடி எழுத்து. ஆபீஸில் கற்றுக்கொண்டாயாம். அவரவர் தன் கட்டைத் தானே சேர்த்துக்கொண்டு வந்து எதிராளியோடு மோத வேண்டுமாம். உன் ரயில் பெட்டியில் மட்டும் நாலைந்து பேர் ஆடுகிறார்களாம்.

"ரயிலு ஆடுதுடி. கார்டு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. உம் மாடி குடோன் சும்மாதான கீது? ஞாயித்துக்கிழம மட்டும் குடு."

நான் சரியென்று சொல்வதற்குள் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "கடையில சீட்டாட்டமா? பஜார்ல அப்பால தல காட்ட முடியுமாம்மா? போலீசு வந்து நிக்கும்."

"அங்கிள், குந்துங்க," என்றாய். "துட்டு கிடையாது, பந்தயம் கிடையாது. ஒரே ஒரு ஆட்டம். உங்களுக்குப் பிடிக்கலன்னா எல்லாத்தையும் வாரிகினு போயிடறேன்."

ஒரே ஆட்டம் என்று உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. திரும்பத் திரும்பத் தோற்றார். "இந்த டிராகன் இன்னா பண்ணும்? அத முன்னாடியே சொல்றதில்லயா?" என்று உன்னோடு சண்டை போட்டார். மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் குடோனிலிருந்த அட்டைப் பெட்டிகளைக் கீழே இறக்கிவிட்டு நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் நம் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. முதலில் உன் ரயில்காரர்கள் வந்தார்கள். அப்புறம் மாரிகுப்பத்திலிருந்து காலேஜ் பிள்ளைகள், பங்காருப்பேட்டையிலிருந்து ஒரு பேங்க்காரர், ஒருமுறை வேலூரிலிருந்துகூட இரண்டு பேர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மேஜையில் கலந்து ஓடும். யாரோடு யார் ஆடுவது என்று நீ பிரித்துப் போடுவாய். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த உன் அப்பாவின் பேச்சு உன் நாக்கில் இருந்தது. ஒவ்வொரு சுற்றையும் ஷிப்ட் என்பாய். "ஃபர்ஸ்ட் ஷிப்ட் எறங்கலாம்!" என்று நீ கத்தினால் கீழே பஜாரில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

முதல் சுற்றிலேயே தோற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள். நீ படிக்கட்டில் மறித்து நிற்பாய். "எங்க போறீங்க? தோத்தவங்கள இங்க வீட்டுக்கு அனுப்பறதில்ல. தோத்தவங்க தோத்தவங்களோட ஆடணும். கடைசி ஷிப்ட் வரைக்கும் எல்லாருக்கும் ஆட்டம் உண்டு." மற்ற ஊர்களிலும் இப்படித்தான் நடத்துகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் நீ சொல்லும்போது அது நீயே போட்ட சட்டம் போல இருக்கும்.

தகராறு வந்தால் கையைத் தூக்கி "ஜட்ஜ்" என்று கூப்பிடுவார்கள். நீ போவாய். குனிந்து இருவரையும் கேட்பாய். தீர்ப்புச் சொல்வாய். நடத்துகிறவள் ஆடக் கூடாது என்பதால் இத்தனை பேரை ஆட வைத்த நீ ஒரு ஞாயிறுகூட ஆடவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மார்பில் கட்டி என்று நீ சொன்னபோது நான் கடிகாரம் ஒன்றுக்குப் பரிசுத் தாள் சுற்றிக்கொண்டிருந்தேன். "ஆபரேஷன் பண்ணிட்டா செரியாயிடும்டி," என்று என்னை நீ தேற்றினாய். ஆபரேஷன் ஆனது. மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது, ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தாய், மாமனார் உனக்காகவே மாடியில் மெத்தை போட்ட நாற்காலி வாங்கிப் போட்டார். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அந்த மருந்து உன் விரல்களைக் கெடுக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நுனியில உணர்ச்சியே இல்ல கலா. உறை போட்டுகினு தொடற மாதிரி கீது." குர்தா பட்டன் போட முடியவில்லை. டிபன் பாக்ஸ் திறக்க முடியவில்லை. கார்டுகளைக் கலைக்கப் பார்த்தால் மேஜையெல்லாம் சிதறின. யாரும் கவனிக்காத மாதிரி எல்லாரும் பொறுக்கிக் கொடுத்தார்கள். எல்லாரும் கவனித்தது உனக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாய். மாடி ஏறும் படியில் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மருந்து இனிமே வேல செய்யாதாம்."

நான் அழ ஆரம்பித்தேன். நீ என் முதுகில் கை வைத்தாய். அந்தக் கைக்கு என் சேலை தெரிந்திருக்குமா என்றுதான் அப்போது நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், மாட்டேன்னு சொல்லாத," என்றாய். "இத்தன வருஷம் எல்லாரும் ஆடறத பாத்துகினே கீறேன். ஒரே ஒரு டோர்னமெண்ட் நான் ஆடணும். நீ ஜட்ஜா இரு."

எனக்கு ஆடத் தெரியும், சட்டம் முழுதும் தெரியாது. கடை மூடும் நாட்களில் கோரமண்டலுக்கு வந்தேன். சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்பாய், நான் தரையில் உட்கார்ந்து பதில் சொல்வேன். உன் அம்மா டீ கொடுத்துவிட்டு, "இன்னாத்த இவ்ளோ படிக்கிறீங்கோ, பரீட்சயா?" என்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மகள் ஞாயிற்றுக்கிழமை கலா கடைக்குப் போகிறாள் என்பதுதான். "ரூல் தெரிஞ்சா போதாதுடி," என்று சொல்லிக் கொடுத்தாய். "சொல்லும்போது கொரல் நடுங்கக் கூடாது. நடுங்கினா கேக்கறவனுக்குத்தான் சங்கடம்."

அந்த ஞாயிறு மாடி கொள்ளவில்லை. நீ ஆடுகிறாய் என்று செய்தி பரவியிருந்தது. உனக்காகக் கார்டு கலைத்துக் கொடுக்க நான் பக்கத்தில் வந்து போவேன் என்று எல்லாரிடமும் முன்பே சொல்லியிருந்தோம், யாரும் மறுக்கவில்லை. முதல் சுற்றுகளில் ஜெயித்தாய். அப்படி ஒரு ஆட்டத்தை உன்னிடம் நான் பார்த்ததில்லை. அவசரமே இல்லாமல், எதிராளி அடுத்து என்ன செய்வார் என்பதை அவருக்கு முன்பே அறிந்தவள் போல ஆடினாய். உன் முகத்தில் நோய் இல்லை.

அடுத்து பவித்ரா. பங்காருப்பேட்டையிலிருந்து வரும் காலேஜ் பெண், நீயே ஆட்டம் கற்றுக்கொடுத்தவள். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதலாவது உனக்கு. இரண்டாவதும் உன் கைக்குள் வந்துவிட்டிருந்தது. நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முறை வந்தது. மேஜையில் கவிழ்த்திருந்த கட்டிலிருந்து ஒரு கார்டு எடுத்துக் கையிலிருந்த மற்றதோடு சேர்த்தாய். ஒரு நொடி கையைப் பார்த்தாய். எண்ணினாய். பிறகு கையைத் தூக்கினாய்.

"ஜட்ஜ்."

வந்தேன்.

"ரெண்டு கார்டு வந்துடுச்சி. ஒட்டிகினு இருந்துருக்கு. வெரலுக்குத் தெரியல."

பவித்ரா பதறிவிட்டாள். "அக்கா, பர்வாகில்ல அக்கா, நான் பாக்கவே இல்ல. ஒண்ணத் திருப்பி வெச்சிடுங்க, ப்ளீஸ்."

நானும் அதையேதான் சொன்னேன். "ஒண்ணத் திருப்பி வெச்சிடு, ஆட்டத்த பாரு."

"எத வெக்கிறது?" என்று என்னைப் பார்த்தாய். "கைல கலந்துடுச்சே. எது கூட வந்ததுன்னு எனக்கே தெரியாது. இதுக்கு ரூல் இன்னா கலா?"

சட்டம் எனக்குத் தெரியும். கட்டிலில் சாய்ந்துகொண்டு நீதான் அதைக் கேள்வியாகக் கேட்டிருந்தாய். மாமனார் படியருகே நின்று வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ குரலைத் தாழ்த்தினாய். "எல்லாரும் எனக்கு விட்டுக் குடுக்கறாங்கடி. ரயில்ல எடம், ஆஸ்பத்திரில வரிச, எல்லாத்துலயும். இங்கயும் அப்பிடின்னா நான் செத்துட்டேன்னுதான அர்த்தம்? சொல்லு."

சொன்னேன். "இந்த ஆட்டம் பவித்ராவுக்கு." என் குரல் நடுங்கவில்லை. அது எப்படி நடுங்காமல் இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"தேங்க்ஸ்," என்றாய். "கலச்சுக் குடு."

மூன்றாவது ஆட்டத்தில் பவித்ரா வேண்டுமென்றே தப்பாக ஆடினாள். ஒரே பார்வையில் கண்டுபிடித்தாய். "ஏய், நான் கத்துக் குடுத்தது இதுவா? ஒழுங்கா ஆடு." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காக ஆடினாள். நீ தோற்றாய். தோற்றதும் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாய். அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, எந்த இடத்தில் நீ மாட்டினாய் என்று அவளுக்கே விளக்கினாய். அதற்குப் பிறகு கடைசிச் சுற்று வரை உட்கார்ந்து ஆடிவிட்டுத்தான் கீழே இறங்கினாய்.

அதுதான் நீ மாடிக்கு வந்த கடைசி நாள்.

அடுத்த ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு உன்னைப் பார்க்க வந்தேன். படுத்த படுக்கையாகிவிட்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இங்க இன்னாத்துக்கு வந்த? அவங்கள்லாம் படிக்கட்டுல நிப்பாங்க. போய்க் கதவத் தொற." பேச முடியாத நிலையிலும் கோபம் மட்டும் உனக்குக் குறையவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நான் வரவில்லை. மற்ற நாட்களில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து யார் ஜெயித்தார்கள் என்று சொல்வேன். கேட்டாயா, தூங்கினாயா, தெரியாது.

ஒரு ஞாயிறு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் உன் அம்மா போன் செய்தார். "கலா, அவ போயிட்டாமா." அவ்வளவுதான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நின்றேன். பவித்ரா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த கார்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஒவ்வொரு மேஜையாகக் கவிழ்த்து வைத்தார்கள்.

ஆட்டோவிலும் பைக்கிலுமாக எல்லாரும் கோரமண்டல் வந்தோம். லைன் வீட்டுச் சந்தில் உன் சொந்தக்காரர்களைவிட எங்கள் கூட்டம் அதிகம். காலேஜ் பிள்ளைகள், பேங்க்காரர், உன் ரயில்காரர்கள், சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் என் மாமனார். உன் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இவங்கள்லாம் யாரும்மா?"

"அவகூட ஆடறவங்கம்மா."

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். "கல்யாணம் பண்ணிக்கல, புள்ளகுட்டி இல்ல, ஒண்டியா போயிட்டாளேன்னு அழுதுகினு இருந்தேன்," என்றார். "இவ்ளோ பேரா எம் பொண்ணுக்கு?" அப்புறம் பவித்ராவின் தோளில் சாய்ந்து அழுதார். அந்தப் பெண்ணும் அழுதாள். நான் உன் காலருகே உட்கார்ந்து உன் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். இப்போது எனக்கும் அவற்றின் தொடுதல் தெரியவில்லை.

நான் தீர்ப்பை வேறு மாதிரி சொல்லியிருந்தால் அன்று நீ ஜெயித்திருப்பாய். ஒருவேளை அன்றைய டோர்னமெண்ட் பரிசும் உன் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும், நீ கேட்டதும் அதுதான். ஆனாலும் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, அந்த வாக்கியம் என் வாயில் வந்து நிற்கிறது. உன்னிடம் எத்தனையோ ஆசையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மிச்சமிருப்பது இந்த ஆட்டம் உனக்கு இல்லை என்று நான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை இப்போதும் மாடியைத் திறக்கிறேன். யாரோடு யார் என்று நான்தான் பிரித்துப் போடுகிறேன். தோற்றவர்களைப் படிக்கட்டில் மறிக்கிறேன். சட்டத்தில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை. இருந்தும் ஏதாவது மேஜையிலிருந்து "ஜட்ஜ்" என்று குரல் வந்தால், நீ போவாய் என்று ஒரு கணம் உட்கார்ந்தே இருக்கிறேன். யாரும் போவதில்லை. பிறகு நான் எழுந்து போகிறேன்.