மாமாவை இறக்கியவர்கள்

அன்பானவருக்கு,

நானும் பாப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். போனில் நீங்கள் அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. கல் மாதிரி இருக்கிறாயே என்றீர்கள். அப்படித்தான் இருக்கிறேன். வீட்டைக் காலி செய்துவிட்டு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

லிஃப்ட் நின்றதும் கட்டட மேனேஜரிடம் நடையாய் நடந்தோம். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். இங்கே அவருக்குப் பெயரே பார்க்கலாம் சார்தான். அவர் வீட்டு லிஃப்ட் நின்றிருந்தால் அன்றே பார்த்திருப்பார்.

உங்கள் அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள் வந்தது. மாமாவை மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்று தெரியாமல் நின்றேன். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஏறி வந்து, "நின்னுட்டே இருந்தா ஆச்சா? நாற்காலியை எடும்மா" என்றார். மாமா சரியாமல் இருக்கப் போர்வையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினோம். அப்புறம் அதுவே பழக்கமானது. மாடிக்கு மாடி ஆள் மாறும். அடுப்பில் எது இருந்தாலும் அணைத்துவிட்டு வந்து பிடிப்பார்கள். முன்னால் இறங்கி, திருப்பத்தில் குரல் கொடுப்பது என் வேலை. "தங்கச்சி, நீ கத்துற கத்துல என் காலு தானா பிரேக் போடுது" என்பார் எதிர்வீட்டு லாரி டிரைவர். மாமா சிரிப்பார்.

ஒருநாள் மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மேனேஜர் அறைக்கே தூக்கிப் போனோம். "லிஃப்ட் ஓடுற வரைக்கும் இவரு இங்கதான் இருப்பாரு" என்றேன். நான்தான் சொன்னேன். மறுநாளே மெக்கானிக் வந்தார்.

லிஃப்ட் ஓடிய வாரத்திலேயே மாமா போய்விட்டார். படுத்த நிலையில் அவரை அதில் ஏற்ற இடம் போதவில்லை. படிவழியாகத்தான் இறக்கினோம். யாரையும் கூப்பிடவில்லை, மாடிக்கு மாடி அவரவரே வந்து பிடித்தார்கள். நான் பழக்கத்தில் முன்னால் இறங்கி, "திருப்பம் வருது, மெதுவா, மாமாவுக்கு இடுப்பு வலிக்கும்" என்று கத்திவிட்டேன். அவர்களும் மெதுவாகத்தான் திருப்பினார்கள். ஒருவரும் என்னை விநோதமாகப் பார்க்கவில்லை.

நீங்கள் வராததற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. லீவு தருவதில் உங்கள் முதலாளியும் ஒரு பார்க்கலாம் சார்தான்.

நேற்று மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அங்கே ஒரு பெண் நிறைமாதமாக இருக்கிறாள். அவள் கணவன் வந்து, "அக்கா, நீங்க பேசினாத்தான் அந்தாளு அசைவாரு" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். துக்க வீட்டுக்காரி போகலாமா என்று யோசிக்கக்கூட இல்லை. சாயங்காலம் தண்ணீர் வந்தது. எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

உங்கள் அண்ணன் நல்லவர். அங்கே எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒருநாள் அழுகை வரும். அது வரும்போது நான் இவர்கள் நடுவில் இருக்க வேண்டும். காலி செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டிலேயே இருக்கும்
உங்கள் மனைவி