நடந்து பார்த்து வாங்கிய மெஷின்

அக்கா,

உங்களோடு கிரானைட் பட்டறையில் கல் பாலிஷ் போட்ட மாதம்மாவுக்காக இன்று காலை ஆக்சிஜன் மெஷினில் மாட்டும் ஒரு புது மூக்குக் குழாயின் கவரைப் பிரித்தேன். அந்த பிளாஸ்டிக் வாசனை வந்ததும், மத்திகிரி வீட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

ஒரே வரிசையில் அடுத்தடுத்த வாடகை வீடு நமக்கு. நான் விருதுநகர்ப் பக்கமிருந்து வண்டி பாகம் செய்யும் கம்பெனிக்கு வந்தவள். கல் தூசி உங்கள் நுரையீரலில் தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, கரண்டில் ஓடும் பெரிய ஆக்சிஜன் மெஷினோடு நாளெல்லாம் வீட்டிலேயே கிடந்தீர்கள். கரண்ட் போனால் ஒரு சிலிண்டர். இனி எங்கும் போக வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். நானும்தான்.

அப்போதுதான் கிருஷ்ணகிரி அரசு ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பட்டறையில் தூசி அடங்கத் தண்ணீர் விடாமல் கல் அறுத்ததைப் பற்றி நீங்கள் சிலர் சேர்ந்து கொடுத்த புகார்.

"நான் போயே ஆவணும் கண்ணு. எடுத்துக்கினு போற மாதிரி மெஷின் ஒண்ணு பாக்கலாம்" என்றீர்கள்.

ஓசூர் கடையில் தோள்பை அளவில் ஒன்றைக் காட்டினார்கள். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நீங்கள் உட்கார்ந்திருந்தபோது விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்று நான்கு என்று காட்டியது. "சூப்பரா இருக்கும்மா, இதையே எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

"உக்காந்திருக்கறதுக்கு வீட்லயே மெஷின் இருக்குதே. நடந்து பாக்கறேன்" என்று எழுந்துவிட்டீர்கள். கடை வாசல்வரை இரண்டு நடை. எண்பத்தாறு. தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் உங்களைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். நீங்களோ மூச்சு வாங்கி முடித்து, "அடுத்தத எடுப்பா" என்றீர்கள்.

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது மெஷின் கனம். சக்கரம் வைத்து இழுக்க வேண்டும். ஆனால் மூச்சை இழுக்கும்போது மட்டும் புஸ்ஸென்று விடாமல், தொடர்ந்து காற்றைக் கொடுத்தது. நடந்தும் தொண்ணூற்று ஒன்றில் நின்றது. டாக்டரும் சரி என்றார். பேட்டரிக்கு நான் பஸ்ஸில் போக வர ஆகும் நேரத்தை மட்டும் கணக்குப் பார்த்தேன்.

"ஆபீஸ்ல எந்நேரம் ஒக்கார வெப்பாங்களோ, அதையும் சேத்துக்கோ" என்றீர்கள். இன்னொரு பேட்டரியும் வாங்கினோம். அது இல்லாவிட்டால் விசாரணையன்று நாம் வீடு திரும்பியிருக்க முடியாது.

விசாரணையில் அதிகாரி இரக்கப்பட்டு, "சிரமப்படாதீங்கம்மா, எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

"எழுதிக் குடுத்தா நான் மூச்சு வாங்கறது உங்களுக்குக் கேக்காதுங்க சார்."

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டார். பிறகு நிறுத்தி நிறுத்தி, ஒன்றையும் விடாமல் சொன்னீர்கள்.

பட்டறையில் தண்ணீர்க் குழாய் போட்ட சேதியைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினீர்கள். வேலையில் நோய் வந்தவர்களின் வைத்தியச் செலவை யார் ஏற்பது என்பது மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

உங்கள் மெஷின் இப்போது கல்லாவி ஊரில் மாதம்மாவிடம் இருக்கிறது. டாக்டர் அவரைத் தனியாகப் பார்த்து அளவு சொன்னார். நானும் அவரை நடக்க வைத்துப் பார்த்தேன். அடுத்த விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அவ மாதிரி எனக்குப் பேச வராது" என்கிறார்.

"வந்த மாதிரி பேசுங்க. மூச்சு வாங்குனா அவங்க காத்திருக்கட்டும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

நேற்று கம்பெனியில் திங்கட்கிழமைக்கு லீவு கேட்டேன். கிருஷ்ணகிரிக்கு ஒருத்தரைக் கூட்டிப் போக வேண்டும் என்றதும் சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொந்தக்காரங்களா?"

"ஆமா சார்" என்றேன்.