படத்துக்காகத் தட்டிய கதவு

மேல் டிவிசன், தெரணியகலை
9.3.2003

அன்பான விஜயகலாவுக்கு,

பக்கத்து காம்பரா வீட்டு ஜீவராணி எழுதுறேன். சண்டை நின்னு பாதை திறந்தப்புறம் கிளிநொச்சிக்குச் சாமான் ஏத்திப் போற புவாட் நானாதான் உன் விலாசம் தேடித் தந்தார். இருபது வருஷமாச்சு. நல்லா இருக்கியா?

இங்க சினிமா எடுக்குறாங்க! யுத்தம் முடிஞ்சு ஒருத்தன் சொந்த ஊருக்குத் திரும்பி வர்ற கதை. அவன் வீடுன்னு காட்ட, நம்ம தோட்டத்து லயத்துல உங்க காம்பராவைத்தான் பிடிச்சிருக்காங்க. எண்பத்துமூணு கலவரத்துல எரிஞ்ச கூரையை அப்படியே விடச் சொல்லிட்டாங்க. படத்துலயும் நான் பக்கத்து வீட்டுக்காரிதான். அவன் என் கதவைத் தட்டணும், நான் திறக்கணும். "திறந்ததும் மொதல்ல என்ன சொல்லுவீங்க?"ன்னு டைரக்டர் மாத்தயா கேட்டார். நீ சொல்லேன், வர்றவங்களுக்கு என்ன கேக்கப் பிடிக்கும்?

உன்
ஜீவா

கிளிநொச்சி
2.4.2003

ஜீவாவுக்கு,

மூணு தரம் வாசிச்சேன். நாங்க சுகம். மகன் மேசன் வேலை செய்றான்.

அந்தப் படத்துல அவன் எந்தப் பக்கமா வர்றான், தேயிலை ஸ்டோர் பக்கமா, ஆத்துப் பக்கமா? தமிழ்லயா பேசுறான்? ஊர்ச்சனத்துக்கு அவனை அடையாளம் தெரியுதா? தங்குறானா, திரும்பிப் போயிடுறானா?

கதவைத் திறந்ததும் நீ என்ன சொன்ன? அதை மறக்காம எழுது.

விஜயகலா

தெரணியகலை
20.4.2003

விஜயா,

ஆத்துப் பக்கமாத்தான் வர்றான். நடிக்கிறவன் சிங்களவன், தமிழ் வசனம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தங்குறானான்னு மாத்தயாவுக்கே இன்னும் தெரியாதாம்.

"அக்கா, நான்தான்"னு தட்டினான். ஏழு தரம் எடுத்தாங்க. ஏழு தரமும் என் கை தாழ்ப்பாள்கிட்ட போய் நின்னுடுச்சு. கடைசியில மாத்தயா, "சரி, கதவு மூடினபடியே இருக்கட்டும்"னுட்டார்.

கலவரத்தன்னைக்கு மத்தியானம் நீ தட்டினப்போ நான் உள்ளதான் இருந்தேன். உன் குரல் கேட்டுச்சு. யாருமில்லாத மாதிரி இருந்துட்டேன். இதைச் சொல்லத்தான் விலாசம் தேடினேன், சினிமா ஒரு சாக்கு.

பதில் போடாட்டியும் எனக்கு விளங்கும்.

ஜீவராணி

கிளிநொச்சி
11.5.2003

ஜீவா,

நீ உள்ள இருந்தது எனக்கு அன்னைக்கே தெரியும். உன் கைக்குழந்தை சுகந்தி அழுதா. பொசுக்குன்னு சத்தம் நின்னுடுச்சு. உன்னைத் திட்டிக்கிட்டேதான் தேயிலைக்குள்ள ஓடினேன். அகதி முகாமுக்கு வந்தப்புறம் வேற பயம் பிடிச்சுக்கிச்சு. வாயைப் பொத்தினியே, பிள்ளைக்கு மூச்சு வந்துச்சா? யார்கிட்ட கேக்குறது? கேக்க ஆளே இல்ல.

கோவம் முழுசாப் போயிடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். நான் அங்க திரும்பி வர்றதைப் பத்தி அப்புறம் பாப்போம். சுகந்திக்கு இப்ப இருபத்தொண்ணு நடக்கணும். இருக்காளா? உடனே எழுது.

விஜயகலா