பாதியில் சொன்ன ஓமின்

ஜூலை 12

நாரின் ஊரிலிருந்து தங்கை ஜூரா வந்தாள். "ஏரிக்கரைக் கடையில சாப்பிடலாம் அக்கா, நான் வாங்கித் தர்றேன்" என்று நேற்றே போனில் சொல்லியிருந்தாள். அந்தக் கஞ்சப் பிசினாறி! ஏதோ காரியம் இருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றுமில்லை, வெறும் பேச்சு.

அனார்குல் கடையில் தண்ணீரை ஒட்டிய மேடையில் உட்கார்ந்தோம். பொரித்த மீன், ஆட்டுக்கறி வறுவல், சுடச்சுடப் போர்சோக் ரொட்டி. ஜூரா ஒரு போர்சோக்கை அரைமணி நேரம் மென்றாள். மீனைத் தொடவேயில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. அம்மாவின் ஒற்றைக்கண் மாடு, நான் ஏரியில் செருப்பைத் தொலைத்தது, பக்கத்து வீட்டுக்காரன் கழுதையில் பெண் பார்க்கப் போனது – எல்லாம் நூறு தடவை கேட்டவை. குரல் வேறு கரகரவென்று.

"பேசிப் பேசியே தொண்டையைத் தேய்ச்சுட்டே" என்றேன்.

"தேயறதுக்குள்ள கேட்டுக்கோயேன்" என்று சிரித்தாள்.

கூரையில் ஆப்ரிகாட் காயப் போட்டிருந்தேன். மேற்கே ஒரு துண்டு மேகம் தெரிந்தது. அவள் மூன்றாவது கிண்ணம் தேநீர் கேட்டபோது நான் கைகளை விரித்து, சாப்பாட்டை முடித்துவைக்கும் ஓமின் பிரார்த்தனையைச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன். மூத்தவள் ஓமின் சொன்ன பிறகு யார் உட்கார முடியும்? பாதிப் பேச்சில் எழுந்தாள்.

"இப்பத்தானே கெட்டில் வெச்சேன், ஏண்டி சோனுன் இப்படி விரட்டுறே?" என்றாள் அனார்குல். அவளுக்கென்ன, அவள் கூரையிலா பழம் காய்கிறது!

ஜூலை 13

மழை வரவில்லை.

ஜூலை 29

ஜூராவின் வீட்டுக்காரர் போன் செய்தார். பிஷ்கெக் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். தொண்டையில் கட்டி. உயிர் பிழைத்துவிட்டாள், ஆனால் குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம். இனிமேல் பேச்சு வராது.

"அன்னைக்கு நேர்ல வந்து சொல்லிட்டேன்னு சொன்னாளே?" என்றார்.

சொல்ல விட்டேனா? ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்! எந்தக் கதையின் பாதியில் நிறுத்தினேன் என்றுகூட ஞாபகம் இல்லையே. மாடா? கழுதையா?

ஆகஸ்ட் 3

ஆஸ்பத்திரி. கழுத்து முழுக்கக் கட்டு. "அன்னைக்கே ஏண்டி சொல்லலே?" என்று அழுதேன். நோட்டில் எழுதினாள்: "சொல்ல வரலே. குரல் இருக்கும்போதே உன்கூட ஒரு நாள் பேசணும்னு வந்தேன்."

கீழே இன்னொரு வரி: "பழம் காய்ஞ்சுதா?"

ஆகஸ்ட் 4

காய்ந்த பழத்தில் ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியவில்லை.

செப்டம்பர் 28

இந்த வருஷத்துக்குக் கடை இன்றோடு மூடல். ஜூராவைக் கூட்டிப்போனேன். அதே மேடை. மீனை முள் எடுத்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள்.

கதைகளை நானே சொன்னேன். மாட்டுக்கு ரெண்டு கண் வைத்துவிட்டேனாம், மேடையைத் தட்டித் தட்டி மறுத்தாள். "அன்னைக்கு எதுல நிறுத்தினே?" என்று கேட்டேன். பேனாவை எடுத்தாள். யோசித்தாள். "எழுதினா சிரிப்பு வராது" என்று எழுதி மூடி வைத்துவிட்டாள்.

ஐந்து கிண்ணம் தேநீர். வெயில் சாய்ந்துவிட்டது.

"கடையைப் பூட்டணும்டி, ஓமின் சொல்லேன்" என்றாள் அனார்குல்.

"நான் மாட்டேன். அவ சொல்லட்டும்."

சின்னவள் சொல்வதா என்பதுபோல் ஜூரா என்னைப் பார்த்தாள். பிறகு கைகளை விரித்தாள். அவள் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. முடிக்கும்வரை காத்திருந்தேன்.